மனநோய் மருத்துவமனையில் அதிகாரம் யார் கையில்?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மனநோய் மருத்துவமனையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். காரணத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். நம் சங்கத்தின் துணையால் படித்து வெளிவரும் பிள்ளைகளில் செவிலியராகவும் மருத்துவமனைப் பணியாளராகவும் வேலைக்குச் செல்வோர் பலர். அவர்களுள் சிலர் கையில் நாளை ஒரு சாவிக்கொத்து கொடுக்கப்படும். அதுகாறும் பிறர் அதிகாரத்திற்குக் கீழே நின்று பழகிய குடும்பத்துப் பிள்ளை, அன்று முதல் தனக்குக் கீழே நாற்பது, ஐம்பது பேரை வைத்துக் காக்கத் தொடங்கும். அந்தச் சாவியை எப்படிப் பிடிப்பது என்பது தேர்வில் வருகின்ற கேள்வி அன்று. ஆகவேதான் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டோம்.

சென்னையில் கீழ்ப்பாக்கம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே வீடுகள் உண்டு, பள்ளிகள் உண்டு, கடைவீதிகள் உண்டு. ஆனால் ‘இவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டும்’ என்று ஒருவர் சொன்னால் சுற்றி நிற்பவர் எல்லாரும் சிரிக்கிறோம். திரைப்படத்தில் சொன்னால் கொட்டகையே சிரிக்கிறது. வீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டிருக்கும் தாயும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பாள். அவள் வாய்திறக்க மாட்டாள். நோயைப் பற்றி வாய்திறக்க முடியாதவள், மருத்துவமனைக்குள் தன் மகனை எப்படி நடத்துகிறார்கள் என்று எப்படிக் கேட்பாள்? கேள்வி கேட்பார் இல்லாத இடத்தில் அதிகாரம் எப்படி வளரும் என்பதை நம் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்க நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனில் செயின்ட் எலிசபெத்ஸ் என்னும் பெரிய மனநோய் மருத்துவமனை இருந்தது. ஏழாயிரம் பேருக்கு மேற்பட்ட நோயாளிகள் அதில் இருந்தனர். 1955, 1956 ஆண்டுகளில் எர்விங் காஃப்மன் என்னும் சமூகவியல் அறிஞர் ஓராண்டுக் காலம் அங்கே நோயாளிகளோடு பகற்பொழுதைக் கழித்தார். கேட்டவர்களிடம் உடற்பயிற்சி ஆசிரியருக்கு உதவியாளன் என்று சொல்லிக்கொண்டார். பணியாளர்களோடு கூடிக் குலவுவதைத் தவிர்த்தார். சாவி வைத்துக்கொள்வதையும் தவிர்த்தார். சாவி இருந்தால் தாம் எந்தப் பக்கத்து ஆள் என்பது முடிவாகிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்!

1961-இல் அவர் நூல் வெளிவந்தது. அதில் அவர் கண்டெழுதியவற்றுள் இரண்டை மட்டும் ஈண்டுக் கூறுவோம்.

உள்ளே வருகின்ற நோயாளியிடமிருந்து முதலில் அவருடைய சொந்த உடை, கைப்பொருள்கள் எல்லாம் பெற்றுக்கொள்ளப்படுகின்றன. வெளியே எவரையும் கேளாமல் செய்துவந்த காரியங்களுக்கு, புகை பிடிப்பதற்கு, முகம் மழிப்பதற்கு, கழிப்பறைக்குச் செல்வதற்கு, கடிதம் அஞ்சலில் சேர்ப்பதற்குக்கூட, இனி ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்டவுடன் கொடுத்தால் அது சலுகை. கொடாவிட்டால் அது தண்டனை. நேற்றுவரை தனக்கு உரியதாக இருந்த ஒரு குவளைக் காப்பி இன்று நன்னடத்தைக்குப் பரிசாகிறது. அடி, உதை இல்லாமலே ஓர் ஆளைப் பணிய வைக்க இது போதும். அடி உதை நடக்கும் இடங்களும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அடியைக் கண்டவர் புகார் சொல்ல முடியும். காப்பியைக் காலந்தாழ்த்திக் கொடுத்ததற்கு யார் புகார் சொல்வார்கள்? சொன்னால்தான் யார் காதுகொடுப்பார்கள்?

இரண்டாவது, இதைவிடக் கொடியது. இவ்வாறு நடத்தப்படும் ஒருவர் சினந்து பேசினால், அந்தச் சினம் ‘நோய் முற்றியிருக்கிறது’ என்று ஏட்டில் ஏறுகிறது. பேசாமல் ஒதுங்கினால், ஒதுங்கியதும் ஏறுகிறது. எழுதுகோல் ஒரு பக்கத்திலேயே இருப்பதால், அவமதிப்பு எழுதப்படுவதில்லை; அதற்கு வந்த எதிர்ப்பு மட்டும் எழுதப்படுகிறது. பள்ளியில் பணிபுரிவோர்க்கு இது விளங்காத செய்தி அன்று. முதல் வகுப்பில் ஒரு பையனை ‘முரடன்’ என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். அவன் கேட்கும் கேள்வியும் முரட்டுத்தனமாகவே தோன்றும். ஐந்தாம் வகுப்பு ஆசிரியருக்கு அவனைக் காணுமுன்னரே அவன் முரடனாகிவிடுவான். எந்தத் தெருவிலிருந்து வரும் பையனுக்கு அந்தப் பெயர் விரைவில் ஒட்டும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

நோயாளியும் பணியாளரும் ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் உணவறை வேறு, கழிப்பறை வேறு, இளைப்பாறும் இடம் வேறு. தனிக்குவளை கண்ட சமுதாயத்திற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

இனி நாம் சொல்ல வந்த வரலாற்றுக்கு வருவோம். இது இத்தாலி நாட்டில் நடந்தது. காஃப்மன் எழுதிக் காட்டினார்; அங்கே ஒரு மருத்துவரும் அவருடைய தோழர்களும் செய்தே பார்த்தார்கள். காஃப்மனின் நூலை இத்தாலிய மொழியில் பெயர்த்தவர் அந்த மருத்துவரின் மனைவியே என்பதையும் இணைத்துச் சொல்லிவிடுகிறோம்.

இத்தாலியில் 1904-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மனநோயாளிகளை ஆண்டுவந்தது. தனக்கோ பிறர்க்கோ ஆபத்தானவர், பொது இடத்தில் அவமானம் விளைவிப்பவர் என்று கருதப்பட்டால் அவரை உள்ளே அடைக்கலாம். அடைக்கப்பட்டவர் குடியுரிமைகள் பலவற்றை இழந்தார். குற்றவாளிகளுக்குரிய பதிவேட்டில் அவர் பெயரும் ஏறியது. இது 1968 வரை நீடித்தது. நோயாளி தப்பியோடினாலோ, யாருக்கேனும் தீங்கு செய்தாலோ, காவலாக நின்ற பணியாளர்மீது வழக்கு வரும். இந்தக் கடைசிச் செய்தியை இளைஞர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். நோயாளியைக் கட்டிலோடு பிணைத்த கையும் அஞ்சி நடுங்கிய கையே. மேலே இருப்பவர் தம் பொறுப்பைக் கீழே தள்ளுவார். கீழே இருப்பவர் அதைக் கயிறாக்கி, தமக்கும் கீழே கிடப்பவரைக் கட்டுவார். குறைந்த ஊதியம் பெறுபவரே நோயாளியோடு நெடுநேரம் இருப்பவர். எனவே கொடுமை என்று வந்தால் அவர் முகமே முதலில் தெரியும். சட்டம் எழுதியவர் முகம் தெரியாது.

1961-இல் பிராங்கோ பசாலியா என்னும் மருத்துவர் கொரீசியா நகரத்து மனநோய் மருத்துவமனைக்கு இயக்குநராக வந்தார். அது நாட்டின் கோடியில், யூகோசுலாவிய எல்லையை ஒட்டிய ஊர். நோயாளிகள் ஐந்நூறு பேருக்கு மேல். அவர்களுள் சுலோவீனிய மொழி பேசுவோரும் பலர். மருத்துவர் பேசுவதோ இத்தாலிய மொழி. தன் துன்பத்தைத் தன் மொழியில் சொல்ல முடியாதவன் நிலை என்னவாக இருந்திருக்கும்! பசாலியா இளமையில் பாசிச ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர். மருத்துவமனைக்குள் காலடி வைத்ததும் அந்தச் சிறையின் நாற்றமே தமக்கு நினைவு வந்தது என்று பின்னாளில் கூறியிருக்கிறார்.

பதவியேற்றதும் தலைமைப் பணியாளர் ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டினார். முந்தின இரவு கட்டிவைக்கப்பட்டவர்களின் பட்டியல் அது. இயக்குநர் கையொப்பமிடுவது வழக்கம். பசாலியா கையொப்பமிட மறுத்தார். ஒரு கையொப்பம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கையொப்பம் இருக்கும்வரை, கட்டிய பணியாளர் மேலிடத்து ஒப்புதலோடு கட்டியவர் ஆகிறார். அது இல்லையென்றால் ஒவ்வொரு முடிச்சுக்கும் காரணம் தேட வேண்டியதாகிறது.

அடுத்து வந்தவை ஒரே நாளில் வந்தவை அல்ல. கட்டிவைக்கும் வழக்கத்தை நிறுத்தினார்கள். மருத்துவர்கள் வெள்ளை அங்கியைக் கழற்றினார்கள். பூட்டிய கூடங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். கடைசிக் கூடம் திறக்கப் பல ஆண்டுகள் ஆயின. வேலிகளை அகற்றினார்கள். நோயாளிகள் நடத்தும் காப்பிக் கடையும் அவர்களே எழுதும் இதழும் தோன்றின. இவை அனைத்தினும் சிறந்ததாக நாம் கருதுவது நாள்தோறும் காலையில் கூடிய பொதுக்கூட்டத்தை. நோயாளி, செவிலியர், மருத்துவர் எல்லாரும் ஒரே அறையில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். தலைமை தாங்குவது பெரும்பாலும் நோயாளி. வெளியே உலாச் செல்வது, செய்த வேலைக்குக் கூலி, கூடத்தில் நேற்று நடந்த சண்டை என்று எதையும் எழுப்பலாம். பேச்சு நம் மாநாடுகளைப் போல ஒழுங்காக நடந்துவிடவில்லை. ஒருவர் கத்துவார், ஒருவர் பாதியில் எழுந்து போவார். இருந்தாலும் மருத்துவர் சொன்னதை நோயாளி பலர் முன்னிலையில் மறுக்கலாம். மறுத்தது அவர் ஏட்டில் நோயாக ஏறாது. முன்பு நாம் சொன்னோமே, எழுதுகோல் ஒரு பக்கத்திலேயே இருந்தது என்று, அது இங்கேதான் கைமாறத் தொடங்கியது.

இந்த முறை முற்றிலும் பசாலியாவின் கண்டுபிடிப்பும் அன்று. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் மாக்ஸ்வெல் ஜோன்ஸ் என்னும் மருத்துவர் இத்தகைய கூட்டங்களை நடத்தியவர். ஆனால் பசாலியா அதனோடு மனநிறைவு கொள்ளவில்லை. கூட்டம் கூட்ட அனுமதித்தவர் இயக்குநர்; நாளை வேறோர் இயக்குநர் வந்தால் கூட்டத்தை நிறுத்திவிடலாம். அதிகாரம் இனிமையாகப் பேசக் கற்றுக்கொண்டதனால் அது அதிகாரம் இல்லாமற் போய்விடுவதில்லை. நல்ல பண்ணையார் வாய்த்த ஊரும் பண்ணையார் ஊரே அல்லவா?

இவ்விடத்தில் ஒரு துன்பச் செய்தியையும் மறைக்காமல் கூற வேண்டும். 1968-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், கொரீசியாவிலிருந்து ஒரு நாள் விடுப்பில் வீட்டிற்குச் சென்ற நோயாளி ஒருவர் தம் மனைவியைக் கொன்றுவிட்டார். பசாலியாமீது வழக்குத் தொடரப்பட்டது, பின்னர் விடுவிக்கப்பட்டார். சீர்திருத்தத்தைப் போற்றுவோர் சிலர் இந்த நிகழ்ச்சியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். எதிர்ப்போர் இதை மட்டுமே பேசுகின்றனர். இரண்டும் முறையன்று. அந்தப் பெண்ணின் உயிரும் ஓர் உயிர்தான். அதைக் கணக்கில் எடுக்காத விடுதலை முழுமையானதன்று. அதே வேளையில், ஒருவர் செய்ததற்காக ஐந்நூறு பேரை மீண்டும் பூட்டுவது நீதியாகுமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவர் செய்த குற்றத்திற்குச் சேரி முழுவதையும் பொறுப்பாக்கும் வழக்கத்தை நாம் பார்த்தவர்கள். திறந்த கதவுக்கு வேண்டியது கூடுதல் கவனமும் கூடுதல் ஆளும். அவை இல்லாமல் கதவை மட்டும் திறப்பது, நோயாளியின் வீட்டாரிடம், அதிலும் பெண்களிடம், சுமையைத் தள்ளிவிடுவதாகும்.

1971-இல் பசாலியா டிரியெஸ்ட் நகரத்து மருத்துவமனைக்கு இயக்குநரானார். அங்கே ஏறத்தாழ 1,200 நோயாளிகள். இம்முறை மருத்துவமனையைத் திருத்துவதோடு நில்லாமல், அதை மூடிவிடும் நோக்கத்தோடு தொடங்கினார்கள். கட்டாயக் காவல் நீங்கியும் போவதற்கு வீடு இல்லாதவர்களை ‘விருந்தினர்’ என்னும் பெயரில் தங்க வைத்தார்கள். மருத்துவமனையைப் பெருக்கித் துடைக்கும் வேலையை நோயாளிகள் ‘சிகிச்சை’ என்னும் பெயரில் கூலியின்றிச் செய்துவந்தனர். அவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். அதே வேலை, இப்போது ஒப்பந்தமும் ஊதியமும் உண்டு. வெட்டி வேலை என்றால் என்ன என்று அறிந்த நாம் இந்த மாற்றத்தின் அருமையை உணர முடியும். நோயாளி கையில் மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. தன் காப்பியைத் தானே வாங்கினார்.

1973-இல் நோயாளிகளும் ஓவியர்களும் சேர்ந்து நீல நிறத்தில் பெரிய குதிரை ஒன்றைச் செய்தார்கள். மருத்துவமனையில் துணி மூட்டை வண்டி இழுத்த உண்மைக் குதிரையின் பெயரே அதற்கும். ஊர்வலமாக நகரத்துக்குள் இழுத்துச் செல்ல முற்பட்டபோது குதிரை வாயிலில் நுழையவில்லை. வாயிலை இடித்துக்கொண்டே வெளியே கொண்டுபோனார்கள். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். நகரத்து மக்கள் நோயாளிகளைத் தெருவில் கண்ணெதிரே கண்ட நாள் அது.

1978 மே 13-ஆம் நாள் இத்தாலிய நாடாளுமன்றம் 180-ஆம் எண் சட்டத்தை இயற்றியது. புதிய மனநோய் மருத்துவமனைகள் கட்டக் கூடாது. ஒருவரை அவர் விருப்பத்திற்கு மாறாகச் சேர்க்க வேண்டுமானால் இரண்டு மருத்துவர்கள் கூற வேண்டும். நகர மேயர் ஆணையிட வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குள் நீதிபதிக்குத் தெரிவிக்க வேண்டும். அனுமதி ஏழு நாள்களுக்கே. நீட்டிக்க வேண்டுமானால் மீண்டும் காரணம் காட்ட வேண்டும். பொது மருத்துவமனையில் அமைக்கும் மனநோய்க் கூடத்தில் பதினைந்து படுக்கைக்கு மேல் கூடாது. அதிகாரம் நான்கு பேருக்குப் பிரிக்கப்பட்டது. நால்வரும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியவர்கள். பசாலியா 1980-இல் காலமானார். டிரியெஸ்டில் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் மனநல மையங்கள் ஏற்பட்டு உலகப் புகழ் பெற்றன. பல வட்டாரங்களில் அத்தகைய மையங்கள் நெடுநாள் ஏற்படாமையால் குடும்பங்கள் பட்ட பாடும் பெரிது. நோயே இல்லை என்று பசாலியா கூறவில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். மருந்து வேண்டியவர்க்கு மருந்து வேண்டும். அதைக் கையில் வைத்திருப்பவர் ஆண்டை ஆகிவிடக் கூடாது என்பதே வழக்கு.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் இறந்தனர். காப்பகங்கள் உரிமம் பெற வேண்டும் என்னும் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் 1993 முதல் நடைமுறையில் இருந்தது; அந்தக் காப்பகத்திற்கு உரிமம் இல்லை. அங்கே பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். அருகில் மருத்துவம் இல்லை. கையில் பணம் இல்லை. ஊரார் சிரிப்புக்கு அஞ்சினார்கள். சட்டம் ஏட்டில் இருந்தபோதே சங்கிலி காலில் இருந்தது என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது.

இப்போது நடைமுறையில் உள்ளது 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். 2018-இல் செயலுக்கு வந்தது. எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது. கட்டாயப்படுத்தித் தலையை மழிக்கக் கூடாது. நோயாளி விரும்பினால் சொந்த உடையையே உடுத்தலாம். வேலை செய்யும்படி வற்புறுத்தக் கூடாது. செய்தால் தகுந்த ஊதியம் தர வேண்டும். தனிமையில் அடைத்து வைக்கக் கூடாது. உடனடியாக நேரவிருக்கும் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, அந்த அவசியம் தீரும்வரை, கட்டுப்படுத்தி வைக்கலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது. பணியாளர் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கட்டக் கூடாது என்று சட்டமே தெளிவாகச் சொல்கிறது.

செவிலியர் பயிற்சிக்குச் செல்லும் நம் மாணவியரை இந்தக் கடைசி விதிக்கு முன்னே நிறுத்திப் பார்க்க விரும்புகிறோம். இரவுப் பணி. பெரிய கூடத்திற்கு நீ ஒருத்தி. ஒரு நோயாளி உறங்காமல் உலவுகிறார். ‘கட்டிப் போட்டுவிட்டு உன் வேலையைப் பார்’ என்கிறார் உனக்கு மூத்தவர். எதிர்த்துப் பேசினால் நாளை உன் பணிப்பட்டியல் மாறும். அந்த நேரத்தில் சட்டம் உன் துணைக்கு வரும். நீ அதைப் படித்திருந்தால். யார் ஒப்புதல் தந்தது, எந்த மணிக்கு, என்ன காரணம் என்று கேள். ஏட்டில் எழுதச் சொல். இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் நோயாளி நியமித்த பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை நினைவூட்டு. கட்டி வைத்த ஒவ்வொரு நிகழ்வும் மாதந்தோறும் மறுஆய்வு வாரியத்திற்கு அறிக்கையாகப் போக வேண்டும் என்பதையும் சொல்.

நோயாளியின் உறவினராக உள்ளே போகின்றவர்களுக்கும் ஒன்று சொல்வோம். எழுத்தறியாத தாய் மருத்துவமனை வாயிலில் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்துவிட்டு அழுதுகொண்டே திரும்புகிறாள். அவளோடு நம் படித்த பிள்ளை ஒன்று போக வேண்டும். நோயாளி தமக்கு நம்பிக்கையானவர் ஒருவரைப் பிரதிநிதியாக எழுதிக் கொடுக்கலாம். மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெறலாம். கட்டணமின்றிச் சட்ட உதவி கோரலாம். மருத்துவமனையில் குறை இருந்தால் முதலில் அதன் பொறுப்பு அலுவலரிடமும், நிறைவு இல்லையென்றால் மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுக்க, நம் சங்கத்துப் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் இருவர் அமர்ந்தால் போதும். அதற்கு முன்வரும் இளைஞர்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.